மேக்னத்துக்கு எந்த மருந்து?

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் நம்ம பிள்ளைகளும் உண்டு. .357 மேக்னத்துக்கு என்ன மருந்து என்றால், சீக்கிரம் எரிவதைத்தான் சிக்கனம் என்பார்கள். மிச்சமாவது சில்லறை, போவது விரல்! அது உறைக்குள் கொஞ்சமே இருக்கும். தவறி இரண்டு தரம் கொட்டினாலும் தெரியாது, துப்பாக்கியே வெடிக்கும்.

ஹெச்110 நல்ல வேகம்தான். ஆனால் கையேட்டு அளவுக்குக் கீழே குறைத்தால் சரியாக எரியாமல் குண்டு குழலிலேயே சிக்கலாம்.

என்னைக் கேட்டால், 1930-களிலிருந்து இருக்கும் 2400 தான். முழு அளவை இரண்டு தரம் கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அளவுக்கு மட்டும் கையேடுதான், நண்பர் பேச்சு வேண்டாம்.

(இங்கே யாரும் முயல வேண்டாம் சாமி. 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி, தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேண்டும்.)