நிகோல் பட்டகத்தோடு நின்றுவிடலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

தளவிளைவுப் பாடத்தை நாம் மாலஸ் விதியோடு மூடிவிடுகிறோம். அது போதாது என்பது என் கருத்து.

ஒளியின் தளவிளைவை முழுமையாகச் சொல்ல நான்கு எண்கள் வேண்டுமென்று ஸ்டோக்ஸ் 1852-இல் காட்டினார். ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த அவ்வெண்களை மீட்டு, எலக்ட்ரான்களில் சிதறும் ஒளிக்குச் சமன்பாடு அமைத்தவர் சந்திரசேகர். 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில், அதாவது நம்மைப்போல் ஓர் அரசுக் கல்லூரியில், பட்டம் பெற்றவர். அவரது நூல் வெளிவந்தது 1950-இல். பேரண்டத்தின் இளமையில் புறப்பட்டு எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சோ 1965-இல்தான் தெரியவந்தது! அதன் தளவிளைவைக் கணக்கிடவும் அச்சமன்பாடே உதவுகிறது. ஓர் எலக்ட்ரானுக்குக் கிழக்கும் மேற்கும் சற்று வெப்பமாய், வடக்கும் தெற்கும் சற்றுக் குளிர்ந்திருந்தால், மேலிருந்து நோக்குவோர்க்குச் சிதறொளி ஒரு திசையில் மிகுதியாக அதிரும். இதனை 2002-இல் தென்துருவத்திலிருந்து அளந்தனர். பட்டகத்தை அரைச்சுற்று திருப்பினாலே பழைய ஒளி திரும்புகிறதல்லவா? அந்த இரட்டைக் கோணக் கணக்குத்தான் அங்கும் வருகிறது.

"இதெல்லாம் எம்.எஸ்ஸி.யில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் சிலர். நம்மில் எத்தனை பேர் அதுவரை போவோம்? என் அப்பா திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. முடிந்ததும் வேலைக்குப் போயாக வேண்டும். எனக்கு இந்த மூன்றாண்டுகள்தான்.

புதிய கருவி எதுவும் கேட்கவில்லை. நிகோல் பட்டகமும் கால் அலைத் தகடும் இருந்தால் நான்கு எண்களையும் ஒரே பிற்பகலில் அளந்துவிடலாம்.