றொபேட் ஸ்மோல்ஸும் எட்டுப் பெட்டிகளும்

போர்முனையில் வீரங் காட்டியவர்களைச் சட்டசபைக்கு அனுப்பும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. சபையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பவர் சிலரே. மார்பில் பதக்கம் இருந்தாற் போதும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலச் சட்டசபையில் 1868 முதல் 1874 வரை இருந்த றொபேட் ஸ்மோல்ஸுக்கும் இக்கதியே நேர்ந்தது. அவர் கப்பலைக் கொண்டுசென்ற ஓர் இரவை உலகம் போற்றுகிறது. அதன்பின் அவர் வாழ்ந்த அரை நூற்றாண்டைப் பற்றிப் பேசுவாரில்லை. சட்டம் படித்த எனக்கோ அந்த அரை நூற்றாண்டே பெரிதாகத் தோன்றுகிறது.

இரவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்மோல்ஸ் 1839இல் பியூபோட் என்னும் கரையோர ஊரில், அடிமைத் தாயின் மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதிற் சார்ள்ஸ்ரன் நகருக்குக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார். உழைத்தவர் அவர், கூலி பெற்றவர் எசமான். உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமைமுறையைக் காக்க எழுந்த தென்புலப் படையின் 'பிளான்ரர்' என்னும் நீராவிக் கப்பலிற் சுக்கான் பிடித்தார். 1862 மே 13ஆம் திகதி விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையிலே தங்கியிருக்க, கப்ரனின் தொப்பியைத் தலையிற் கவிழ்த்து, கோட்டைகளைக் கடக்கும்போது கொடுக்கவேண்டிய ஊதல் ஒலியைப் பிசகாமற் கொடுத்து, மனைவி மக்களோடும் தோழர்களோடும் கப்பலை வடபுலக் கடற்படையிடம் சேர்ப்பித்தார். பின்னர் அப்படையோடு நின்று பல சண்டைகளைக் கண்டார். அதே கப்பலுக்குக் கப்ரனாகவும் ஆனார். எனினும் 1864இல் பிலடெல்பியா நகரின் வீதி வண்டியில் ஏறியபோது, நிறத்தைக் காட்டி அவரை இறக்கிவிட்டார்கள்!

போர் முடிந்தது. 1868இல் மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு வகுக்கக் கூடிய மாநாட்டில் ஸ்மோல்ஸ் ஓர் உறுப்பினர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பாடசாலை வேண்டுமென்று அங்கே வாதாடினார். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதை 1834ஆம் ஆண்டுச் சட்டமொன்றினாற் குற்றமாக்கிய மாநிலம் அது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஸ்மோல்ஸ் தாமே வாசிக்கக் கற்றது இருபத்தைந்து வயதளவிலேதான். கப்பலைக் கொணர்ந்த செயலினால் விடுதலை பெற்றவர்கள் ஒரு கப்பலளவினர். அந்த அரசியலமைப்பில் எழுதப்பட்ட பாடசாலையாற் பயன்பெற்றவர்களை எண்ணி முடியாது.

காணி வழக்கை அறிந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. தாம் அடிமையாகப் பிறந்த வளவின் பெரிய வீடு, போர்க்காலத்தில் மத்திய அரசின் வரி செலுத்தப்படாமையால் ஏலத்துக்கு வந்தபோது ஸ்மோல்ஸ் அதை வாங்கினார். பழைய உரிமையாளர் தரப்பினர் அந்த உறுதி செல்லாதென வழக்காடினர். அமெரிக்க உயர் நீதிமன்று ஸ்மோல்ஸின் பக்கமே தீர்ப்பளித்தது.

மாசு எதுவும் இல்லாத மனிதரென்று நான் சாதிக்க வரவில்லை. அரசாங்க அச்சு ஒப்பந்தமொன்றில் 5,000 டொலர் கைக்கூலி வாங்கினாரென்று 1877இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு, மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டார். ஆனால் அவ்வழக்கைத் தொடுத்தோர் அப்போதுதான் ஆட்சியைப் பிடித்த எதிர்க்கட்சியினர். 1879இல் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு அளித்தார். அதற்கு ஈடாக, அக்கட்சியினர்மீது மத்திய அரசு நடத்திய தேர்தல் வழக்குகள் கைவிடப்பட்டன. பண்டமாற்று! இத்தகைய நீதியைக்கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்ல என் தொழில் எனக்கு இடந்தரவில்லை.

இனி எட்டுப் பெட்டிகளுக்கு வருகிறேன். துப்பாக்கியாலும் சவுக்காலும் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டியவர்கள், அதனிலும் செலவு குறைந்த உபாயமொன்றை 1882இற் கண்டுபிடித்தனர். பதவிக்கு ஒரு பெட்டியாக எட்டுப் பெட்டிகள். பெட்டிமேல் எழுதியதை வாசித்து, உரிய சீட்டை உரிய பெட்டியில் இடவேண்டும். மாறி விழுந்த சீட்டு செல்லாது. சட்டத்தின் எந்த வரியிலும் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. வாசிக்கக் கற்பதைக் குற்றமாக்கி வைத்திருந்தவர்கள், வாசிக்கத் தெரியாமையையே தகுதியின்மை ஆக்கினார்கள்.

அதுவும் போதவில்லை. மாநில மக்களிற் பத்தில் ஆறு பேர் கறுப்பர். ஆகவே 1895இல் மற்றுமோர் அரசியலமைப்பு மாநாட்டைக் கூட்டினர். பெஞ்சமின் ரில்மன் அதன் தலையாய வழிநடத்துநர். நோக்கத்தை அவர் ஒளிக்கவுமில்லை. 160 உறுப்பினருட் கறுப்பர் அறுவர். அவருள் ஒருவர் ஐம்பத்தாறு வயது ஸ்மோல்ஸ். தலைவரி கட்டியிருக்கவேண்டும், அரசியலமைப்பின் பகுதியை வாசிக்கவேண்டும், அல்லது 300 டொலர் பெறுமதியான உடைமைக்கு வரி கட்டியிருக்கவேண்டும் என்று விதிகள் வந்தன. வாசிக்கத் தெரியாத வெள்ளையருக்காக, 1898 வரை, வாசித்துக் காட்டினால் 'விளங்கிக்கொள்ளும்' வாய்ப்பும் வைக்கப்பட்டது. விளங்கியதா இல்லையா என்று தீர்ப்பவர் யார்? பதிவு அதிகாரி! ஒரு சொல்லுக்குள் எத்தனை ஆயிரம் மனிதரைப் புதைக்கலாமென்று அறிய விரும்புவோர் அவ்விதியை ஒருமுறை படிக்கட்டும்.

ஸ்மோல்ஸ் சலுகை கேட்கவில்லை. கல்வியோ சொத்தோ தகுதியென்றால் அது வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒன்றாக இருக்கட்டும், தம் இனத்தவருக்குச் சமவாய்ப்பு ஒன்றே போதும் என்றார். தோற்றார். ஆவணம் நிறைவேறியபோது அதிற் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

1915இல் அவ்வீட்டிலேயே காலமானார். 2023இல் அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1902இல் வெளியேறிய கடைசிக் கறுப்பின உறுப்பினருக்குப் பின், தென் கரோலினாச் சட்டசபைக்குக் கறுப்பர் மீண்டும் தெரிவுசெய்யப்பட்டது 1970இலேதான்.