அந்தக் குரல் வேறு, இந்தக் குரல் வேறு

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் காப்பித் தம்ளரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரே ஏமாற்றம்.

"அக்கா, அந்த நடிகையோட பேட்டி பார்த்தீங்களா? படத்துல தேனா ஒழுகுது பேச்சு. பேட்டியில பார்த்தா கரகரன்னு வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. இத்தனை நாளா நம்மள ஏமாத்திட்டாங்களே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது? எண்பதுகளில் மோகன் படம் பார்த்து உருகினோமே, அந்தக் குரல் பல படங்களில் எஸ்.என்.சுரேந்தருடையது. நயன்தாராவுக்காகப் பல படங்களில் பேசியவர் தீபா வெங்கட். நம் சிவகாசிப் பக்கத்துப் பெண் ஸ்ரீதேவி இந்திக்குப் போய்ப் பெரிய நட்சத்திரமான பிறகும் அங்கே அவருக்கு வேறு பெண்களே குரல் கொடுத்தார்கள். 1986-ல் வந்த 'ஆக்ரீ ராஸ்தா'வில் அவருக்காகப் பேசியவர் நடிகை ரேகா! 1989-ல் 'சாந்தினி' வந்தபோதுதான் இந்தி ரசிகர்கள் ஸ்ரீதேவியின் சொந்தக் குரலைக் கேட்டார்கள்.

இதெல்லாம் இரவல் குரல் கதை. ஒரே தொண்டைக்குள் இரண்டு குரல் இருப்பதுதான் எனக்கு அதைவிட ஆச்சரியம். நம்மிடமே இல்லையா, சகோதரிகளே? அடுப்படியில் நின்றுகொண்டு, "எத்தனை தடவைடா கூப்பிடுறது, எருமை!" என்று கத்துவோம். அதே நிமிஷம் போன் மணி அடிக்கும். "ஹலோ, சொல்லுங்க சம்பந்தி..." என்று குழைவோமே! எங்க வீட்டுக்காரர், "அந்த போன் குரல்ல பாதி எனக்குக் கொடுத்தா போதும்" என்று ரொம்ப வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெண்களின் குரலுக்குத் தனி வரியே போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தின் மார்கரெட் தாட்சர் 1975-ல் கட்சித் தலைவரானபோது, அவர் பேச்சு கீச்சென்று காதைக் குத்துகிறது என்று கேலி செய்தார்கள். அவர் ஆள் வைத்துப் பயிற்சி எடுத்து, தொண்டையைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகினார். 1979-ல் பிரதமராகிப் பிறகு உலகம் கேட்டது அந்தப் பழக்கிய குரலைத்தான். ஆண்கள் கத்தினால் வீராவேசம், பெண் கத்தினால் கீச்சு. சரி, அது போகட்டும்.

இந்தத் தடவை நான் எழுத உட்கார்ந்தது என் பேரனுக்காக.

அவனுக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடக்கிறது. மூன்றரை வயது வரை மணி மணியாகப் பேசிய பிள்ளை. திடீரென்று ஒருநாள், "அ... அ... அ... அப்பத்தா" என்றான். விளையாட்டு என்று நினைத்தேன். பத்து நாள் போனது, ஒரு மாதம் போனது, நிற்கவில்லை. அதிலும் அவன் பெயர் 'ப'வில் ஆரம்பிக்கும். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, முகம் சிவந்து... பார்க்கிற எனக்கு வயிற்றைப் பிசையும்.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? செய்யக்கூடாததை எல்லாம் செய்தேன். "மெதுவாச் சொல்லுடா", "மூச்சை இழுத்து விட்டுச் சொல்லு", "முதல்ல இருந்து திருப்பிச் சொல்லு". வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினேன். மருமகள் தயங்கித் தயங்கி, "அத்தை, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தடவலாமே" என்றாள். "உன் புருஷனை நான்தானே வளர்த்தேன்?" என்று வாயை அடைத்துவிட்டேன். ஒருநாள் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். "மாமாவுக்கு உன் பேரைச் சொல்லுடா தங்கம்" என்றேன். குழந்தை முயன்றான், முடியவில்லை. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு திக்குவது குறைந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம்! ஆனால் பேசுவதே குறைந்துதான் திக்குவது குறைந்திருக்கிறது என்று, பள்ளியிலிருந்து 'கேட்டால் பதில் சொல்வதில்லை' என்று எழுதி அனுப்பியபோதுதான் உறைத்தது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சொம்பைக் காட்டுவான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அதே பிள்ளை பாட்டுப் பாடினால் ஒரு இடத்தில் தட்டாது. தெரு நாய்க்குட்டிக்குக் கதை சொல்வான், தண்ணீராக ஓடும். டெலிவிஷனில் மிஸ்டர் பீன் பார்த்துவிட்டு அந்த ஆள் மாதிரியே குரலை மாற்றி முனகுவான், அப்போதும் திக்காது. "பாருங்க, வேணும்னுதான் பண்றான்" என்று நானே சொல்லியிருக்கிறேன். நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டிய பேச்சு அது.

அந்த மிஸ்டர் பீனாக நடிக்கும் ரோவன் அட்கின்சனுக்கே திக்குவாய் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் பேரனைப் போலவே அவருக்கும் 'ப' வரிசைதான் சங்கடம். ஆங்கிலத்தில் 'பி' என்ற எழுத்து. படித்தது மின் பொறியியல், ஆக்ஸ்போர்டில் மேற்படிப்பு. தானாகப் பேசும்போது தட்டும் பேச்சு, இன்னொரு ஆளாக நடிக்கும்போது தட்டாது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1990-ல் மிஸ்டர் பீன் முதலில் ஒளிபரப்பானதிலிருந்து உலகமே சிரிக்கிறது. அந்தக் கோமாளிக்குள் இப்படி ஒரு குரல் இருப்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

ராஜாவுக்கே இது இருந்திருக்கிறது. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், நம் நாட்டு நாணயத்தில் தலை போட்டிருந்தாரே, அவர்தான். இளவரசராக இருந்தபோது 1925-ல் வெம்ப்ளி பொருட்காட்சியின் நிறைவு விழாவில் ஒலிபெருக்கி முன் நின்று அவர் பட்ட அவஸ்தையை அத்தனை கூட்டமும் பார்த்தது. மறுவருஷம் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குப் போனார். மூச்சுப் பயிற்சி, வாய்விட்டுப் படிக்கும் பயிற்சி. மேடைப் பேச்சை இருவரும் உட்கார்ந்து பார்த்து, மாட்டிக்கொள்ளும் வார்த்தைகளை மாற்றிக்கொள்வார்களாம். 1936-ல் அண்ணன் பட்டத்தைத் துறந்ததும் இவர் மன்னரானார். 1939 செப்டம்பர் 3-ம் தேதி யுத்த அறிவிப்பை வானொலியில் பேசினார். கேட்ட ஜனங்களுக்கு அந்த நிதானம் ராஜ கம்பீரமாகப் பட்டது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டியது லோக்குக்குத் தெரியும். திக்கல் கடைசி வரை அவரை முழுக்க விட்டுப் போகவில்லை. 2010-ல் இந்தக் கதையைச் சினிமாவாகவும் எடுத்தார்கள்.

என்னை அழ வைத்தவர் இன்னொருவர், அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கறுப்புக் கவசம் போட்ட வில்லன் டார்த் வேடருக்கு இடி மாதிரி ஒரு குரல் வருமே, அது இவருடையது. (கவசத்துக்குள் நடித்தவர் வேறு ஆள்.) 1994-ல் 'லயன் கிங்' படத்தில் அப்பா சிங்கம் முஃபாஸா பேசியதும் இவர்தான். இந்த மனிதரைச் சிறு வயதில் வளர்த்தவர்கள் மிச்சிகனில் பண்ணை வைத்திருந்த பாட்டியும் தாத்தாவும். திக்கலுக்குப் பயந்து சுமார் எட்டு வருஷம் வெளியாட்களிடம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். பண்ணையில் இருந்த பிராணிகளிடம் மட்டும் பேசுவாராம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு நாய்க்குட்டி ஞாபகம் வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

உயர்நிலைப் பள்ளியில் ஒரு ஆசிரியர் அவர் எழுதிய கவிதையைப் பார்த்து, "இது உன்னுடையதுதான் என்றால், வகுப்பில் நின்று பார்க்காமல் சொல்லு" என்றாராம். பையன் எழுந்து சொன்னான், ஒரு இடத்தில்கூடத் தடைபடவில்லை. அங்கிருந்து நாடகம், சினிமா. 2024-ல் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். 'எனக்குக் குணமாகிவிட்டது' என்று மட்டும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. வார்த்தையைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பது பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கடைசியில் பேரனைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போனோம். சின்னப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. முதலில் வசம்புக்கு ஒரு திட்டு வாங்கினேன். அதில் நஞ்சு உண்டு, குழந்தை நாக்கில் வைக்கவே கூடாது என்றாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். பேசுவதற்கு மூச்சு, தொண்டை, நாக்கு, உதடு எல்லாம் கண நேரத்தில் ஒன்று சேர வேண்டும். சில குழந்தைகளுக்கு மூளையில் அந்தத் தாளம் கொஞ்சம் பிசகுகிறது. பரம்பரையாகவும் வரும். பாட்டில் தாளம் தயாராக இருக்கிறது, வார்த்தையும் தயாராக இருக்கிறது, அதனால் தட்டாது. தன் பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல முடியாதே, அதனால் பலருக்குப் பெயர்தான் பெரிய மேடு.

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு, அதிகமும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள், இது எட்டிப் பார்க்குமாம். பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் மிச்சமிருக்கிறது. பயத்தாலோ, தாய் வளர்ப்பாலோ, இரண்டு பாஷை கற்பதாலோ வருவதில்லை. இதை அவள் சொன்னபோது மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை. பாவம், எத்தனை நாள் மனசுக்குள் சுமந்தாளோ. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, குழந்தை முகத்தை இறுக்கிச் சிரமப்பட்டாலோ, பேசாமல் ஒதுங்கினாலோ காத்திருக்கக் கூடாது. பல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இதற்கு வழி சொல்வார்கள்.

எங்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் மருந்து அல்ல. "மெதுவாச் சொல்லு" என்று அவனிடம் சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் வார்த்தையை நீங்கள் முடித்துவிடாதீர்கள். கண்ணைப் பார்த்து, கடைசி வரை கேளுங்கள். எப்படிச் சொன்னான் என்று பார்க்காதீர்கள், என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். தினம் ஒரு பத்து நிமிஷமாவது ஒருவர் அவனோடு மட்டும், அவசரமில்லாமல் உட்காருங்கள். கேட்க எளிது. தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது, ஒரு 'ப'வுக்காகப் பொறுமையாக நின்று பாருங்கள், தெரியும்! நான் இரண்டு தோசை கருக்கினேன்.

மூன்று மாதமாகிறது. இன்னும் தட்டுகிறது. ஆனால் சொம்பைக் காட்டுவது நின்றுவிட்டது. பள்ளியிலும் மருமகள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், வருகைப் பதிவின்போது பெயர் சொல்லச் சொல்லாமல் கையைத் தூக்கினால் போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனை மடியில் வைத்துக்கொண்டு 'லயன் கிங்' பார்த்தோம், இங்கிலீஷிலேயே. அப்பா சிங்கம் பாறை மேல் நின்று பேசியபோது, "இந்தக் குரல் யாருது தெரியுமா? சின்ன வயசுல உன்னை மாதிரியே திக்கித் திக்கிப் பேசின ஒருத்தரோடது" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தான். நான் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. உதடு ஒட்டியது, பிரிந்தது.

"பொ... பொ... பொய் சொல்றீங்க அப்பத்தா" என்றான். பிறகு, "மறுபடி போடுங்க, கேட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான்.

மறுபடி போட்டேன்.