காணாமற்போன தூணுக்கும் ஒரு பலகை வேண்டும்

ஃபரீதாபாத்தின் ஆலைப் பகுதியான முஜேசரில் முகலாயர் காலத்துக் கோஸ் மினார் ஒன்று நின்றது. அவ்வூரின் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தில் இருக்கிறது, மினார் இல்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அதனையும் வேறு 17 சின்னங்களையும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலிலிருந்து நீக்கும் அறிவிக்கையை இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. இல்லாத ஒன்றைப் பட்டியலில் வைத்திருப்பதில் என்ன பொருள் என்று நம்மவருள் சிலரே கேட்டனர். அந்தக் கேள்விக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

நீக்கம் எந்தச் சட்டப் பிரிவின்கீழ் நிகழ்ந்தது என்பதை முதலில் நோக்குக. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒரு சின்னம் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டது என அரசு கருதினால் அதை அறிவிக்கலாம் என்கிறது. காணாமற்போனது என்று சொல்ல அப்பிரிவில் இடமில்லை. முக்கியத்துவம் அற்றுப்போனது என்று மட்டுமே சொல்லலாம். காக்கத் தவறியவரின் குற்றம் இவ்வாறு காக்கப்படாத பொருளின் குறையாக மாற்றி எழுதப்படுகிறது. யார் இடித்தார், எப்போது இடித்தார் என்று எவரும் விடை கூற வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உண்டு. பெயர் நீங்கினால் அவையும் நீங்கும். இதனால் பயன் பெறுவோர் வரலாற்று மாணவர்கள் அல்லர்.

கோஸ் மினாரைப் பொறுத்தவரை இவ்வாதம் இன்னும் பிழையானது. ஆக்ராவிலிருந்து லாகூர் வரை ஒரு கோஸுக்கு ஒரு தூணும் மூன்று கோஸுக்கு ஒரு கிணறும் அமைக்க ஆணையிட்டதை ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்புகளில் பதிந்திருக்கிறார். கோஸ் என்பது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அத்தூணுக்குச் சிற்ப அழகு எதுவும் இல்லை. அதன் பொருள் முழுவதும் அது நிற்கும் இடத்திலும், முன்னும் பின்னும் உள்ள தூண்களிலிருந்து அதற்குள்ள தொலைவிலும் அடங்கியிருக்கிறது. தில்லி விலங்குக்காட்சிச் சாலைக்குள் நிற்கும் மினாரைப் பார்ப்பவர், பெருவழி அவ்வழியே சென்றது என்பதை அதனால்தான் உணர்கிறார். செங்கல் போனாலும் இடம் போகாது. அந்த இடத்தைக் குறித்து வைப்பதே வரலாறு. பட்டியலிலிருந்து அடிப்பது அதை அழிப்பது.

இனி, எஞ்சியிருக்கும் சின்னங்களின் முன் நிற்கும் நீலப் பலகையை எண்ணிப் பாருங்கள். இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது. சேதப்படுத்துவோருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யார் கட்டினார், எதற்குக் கட்டினார், அந்த ஊரார் அதை எப்பெயரால் அழைத்தனர் என்று அறிய அப்பலகை உதவாது. வழிப்போக்கரிடம் அரசு முதலில் பேசுவது தண்டனையைப் பற்றி. தம்முடையது என்று எவருக்கும் சொல்லப்படாத ஒன்று ஓரிரவில் மறைந்தால், ஊரார் ஏன் குரலெழுப்பப் போகிறார்கள்?

ஆளும் பணமும் இல்லை என்பது துறையின் மறுமொழி. அது பொய்யன்று. 3,693 சின்னங்களில் 248 இடங்களுக்கே காவலர் இருப்பதாக நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் தெரிவிக்கப்பட்டது. ஆனால் 2013இலேயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 92 சின்னங்களைக் காணவில்லை என்று எழுதிவிட்டார். அவற்றுள் 42 பின்னர் அடையாளம் காணப்பட்டன; 14 நகரப் பெருக்கத்திலும் 12 நீர்த்தேக்கங்களிலும் மறைந்தன; 24 எங்கே என்றே தெரியவில்லை. பத்தாண்டுக்கு மேல் கழித்துத் துறை கண்ட தீர்வு பட்டியலைச் சுருக்குவதுதான் என்றால், அதனைப் பணப் பற்றாக்குறை என்று ஏற்க இயலாது. ஒரு பலகைக்கு ஆகும் செலவு எவ்வளவு?

மாற்றுவழி தில்லியிலேயே இருக்கிறது. 1857இல் தில்லியைத் தாக்கிய ஆங்கிலப் படையினருக்காக 1863இல் வடக்குக் குன்றின் மேல் ஒரு நினைவுக் கோபுரம் எழுப்பப்பட்டது. அதன் கல்வெட்டுகள் எதிர்த்து நின்றோரைப் பகைவர் என்கின்றன. விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டான 1972இல் அதற்கு அஜீத்கட் என்று பெயர் மாற்றினர்; கல்லைப் பெயர்த்தெறியவில்லை. இங்கே பகைவர் எனப்பட்டோர் நாட்டு விடுதலைக்காகப் போரிட்டவர்கள் என்று அறிவிக்கும் பலகை ஒன்றை உடன் பதித்தனர். பழைய சொல்லும் அதற்கான மறுப்பும் அருகருகே இருக்கின்றன. வரலாற்றெழுத்தியல் வகுப்பில் நாம் ஒரு பருவம் முழுதும் விளக்குவதை அந்தக் கல் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுகிறது.

நம் பொறுப்பையும் மறைக்க வேண்டாம். வட்டார வரலாறு பற்றி ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதுகிறோம்; அவை நூலக அடுக்கில் உறங்குகின்றன. அந்தந்த ஊரின் மொழியில், அந்த ஊர்ச் சாலையோரத்தில் வைக்கத்தக்க பத்து வரியை நம்மில் எத்தனை பேர் எழுதித் தந்திருக்கிறோம்?

எனவே கோரிக்கை எளிது. நீக்கப்பட்ட 18 சின்னங்களுக்கும், நீரிலும் நகரிலும் மறைந்தவற்றுக்கும், அவை இருந்த இடத்திலோ மிக அருகிலோ பலகை வையுங்கள். இங்கே இன்னது நின்றது, இந்த ஆண்டில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது, பின்னர் காணாமற்போனது என்று அதில் எழுதுங்கள். அது அரசுக்கு நாணமளிக்கும், அளிக்கட்டும். ஒவ்வொரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறையும் தன் மாவட்டத்தில் ஒரே ஒரு சின்னத்துக்கேனும் அப்பத்து வரியை இந்தக் கல்வியாண்டிலேயே எழுதி அளிக்கட்டும். முஜேசருக்கான வரிகளை எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன்.