மீன் போன இடத்துக்கு என்ன வந்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. உம்மாமார் கட்டாயம் வாசிக்க வேண்டும். வாப்பாமார் அதைவிடக் கட்டாயமாக வாசிக்க வேண்டும்.

நம்மூரில் யாரையாவது பார்த்து "நீங்க மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். முஸ்லிம் வீட்டில் மரக்கறிச் சாப்பாடா என்பார்கள். ஆனால் போன வாரம் திங்கள் முதல் வியாழன் வரை உங்கள் வீட்டுச் சட்டியில் என்ன வெந்தது என்று எண்ணிப் பாருங்கள். கத்தரிக்காய்ப் பாலாணம், கீரை, வாழைக்காய், தண்ணிப் பருப்பு, தேங்காய்ச் சம்பல். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கோழி. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனும் கிடையாது. சொல்லிக்கொள்ளாவிட்டாலும் வாரத்தில் நாலைந்து நாள் நாம் மரக்கறிக்காரர்தான்.

இது எப்போது தொடங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்குள் சாப்பாட்டுச் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த வருடம் எத்தனையோ வீடுகளில் மீனும் இறைச்சியும் தட்டை விட்டு இறங்கின. பிறகு விலை ஏறும் வேகம் குறைந்தது. பழைய விலை திரும்பி வரவில்லை. சம்பளமும் அந்தளவுக்கு ஏறவில்லை.

மரக்கறி சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. நபி (ஸல்) அவர்களின் வீட்டில் அடுப்பு எரியாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நாட்கள் போனதை நாம் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள். இறைச்சி இல்லாத சட்டி யாருக்கும் மானக்கேடு இல்லை. என் கேள்வி வேறு. மீன் போன இடத்துக்கு என்ன வந்தது?

நான் பார்த்த வரைக்கும் இன்னுமொரு அகப்பை சோறு வந்தது. கூடக் கொஞ்சம் சம்பல் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

கல்வியியற் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இருந்தாள். பரம்பரையாக மரக்கறி மட்டும் சாப்பிடும் குடும்பம். அவள் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். தோசையில் உளுந்து, வடையில் உளுந்து அல்லது கடலைப்பருப்பு, பயற்றம் உருண்டையில் பயறு, சோற்றோடு கட்டியான பருப்பு, கடைசியில் மோர். பிள்ளை பெரியவளானால் உளுத்தங்களி. மீனும் இறைச்சியும் தொடாத அந்தச் சமையலில், ஒவ்வொரு வேளையும் ஏதோ ஒரு வழியில் புரதம் உள்ளே போய்விடுகிறது. கிராம் கணக்கு யாரும் போடவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பழகிய பழக்கம் அது.

நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நம் சமையலில் அந்த வேலையை மீனும் இறைச்சியும் முட்டையும் பார்த்தன. பருப்பு சோற்றை நனைக்க, மரக்கறி வாய்க்கு ருசியாக. அந்த மீனையும் இறைச்சியையும் எடுத்த பிறகு மிச்சமிருப்பது நனைக்கிறதும் ருசியும்தான்.

"பருப்புதான் தினமும் ஆக்குறோமே டீச்சர்" என்று உம்மாமார் கேட்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். 100 கிராம் காய்ந்த பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. 6 பேர் உள்ள வீட்டில் 100 கிராம் பருப்பைப் போட்டு, தண்ணியும் தேங்காய்ப்பாலும் விட்டு சட்டி நிறைய ஆணம் காய்ச்சினால் ஒருவருக்குக் கிடைப்பது 4 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. சட்டி நிறைய இருந்தது உண்மை. நிறைத்தது தண்ணி.

30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 28 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு 40 கிராம். பாலூட்டும் தாய்க்கு அதற்கு மேல் இன்னும் ஏறத்தாழ 20 கிராம். காலையில் பாணும் சம்பலும், இடைவேளைக்கு பிஸ்கட், பகலில் சோறும் கத்தரிக்காயும் தண்ணிப் பருப்பும், இரவில் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று போகும் பிள்ளைக்கு 22, 24 கிராம் வரக்கூடும். "கொஞ்சம்தானே குறையுது" என்று நினைக்க வேண்டாம். அதில் பெரும் பகுதி மாவிலிருந்தும் அரிசியிலிருந்தும் வருவது. அவற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. வளரும் உடம்புக்கு அது இல்லாமல் முடியாது. பருப்பு, பயறு, கௌபி, கடலை எல்லாவற்றிலும் லைசின் தாராளமாக இருக்கிறது. அவற்றில் குறைவாக உள்ள மெதியோனின் அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் சோடி. ஒரே பிடியில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும். ஆனால் பருப்பு பேருக்கு இருந்தால் சோடி சேராது.

இந்தக் குறை வகுப்பறையில் தெரியும். இடைவேளைக்கு முந்திய பாடத்தில் மேசையில் தலை சாயும் பிள்ளைகள், மழைக்காலம் முழுக்க ஒரு தடிமன் மாறி அடுத்தது வரும் பிள்ளைகள், தன் வயதுப் பிள்ளைகளைவிட ஒரு சாண் குள்ளமாக நிற்கும் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் சாப்பாடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது பல நேரம் பதில் அங்கேயே இருக்கிறது.

இனி விலைக்கு வருவோம். ஒரு சின்ன வாய்ப்பாடு சொல்கிறேன். எழுதிக் குசினியில் ஒட்டிவையுங்கள். ஏறத்தாழ 24 கிராம் புரதம் கிடைக்க,

பருப்பு, பயறு அல்லது கௌபி 100 கிராம்,
கச்சான் 100 கிராம்,
உலர்ந்த சோயாமீட் 50 கிராம்,
முட்டை 4,
முள் நீக்கிய மீன் சுமார் 120 கிராம்.

கடையில் அன்றைய விலையைக் கேட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். எது மலிவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னுமொரு கணக்கு. 400 கிராம் பால்மாப் பெட்டியில் இருக்கும் புரதம் 100 கிராம் அளவு. 400 கிராம் பருப்பிலும் ஏறத்தாழ அதே அளவுதான். விலையோ பல மடங்கு வித்தியாசம். பாலில் கல்சியம் இருக்கிறது, அதன் புரதமும் தரமானது. அதை மறுக்கவில்லை. ஆனால் பால்மா முடிந்தால் பிள்ளைக்குச் சத்து முடிந்துபோச்சு என்று கவலைப்படும் வீட்டில், பருப்பு டின் காலியாகக் கிடந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

செய்யக்கூடியவை என்று நான் நினைப்பது இவை.

1. பருப்பைக் கட்டியாக ஆக்குங்கள். 6 பேருக்கு 250 கிராம் போட்டால் ஆளுக்கு 10 கிராம் புரதம். சோற்றில் ஒரு அகப்பை குறைத்து அந்த இடத்தில் பருப்பை வையுங்கள். வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் அவருக்கும் இது நல்லது.

2. வாரத்தில் மூன்று நாளாவது காலைச் சாப்பாடு அவித்த பயறு, கௌபி அல்லது கடலையாக இருக்கட்டும். தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும் போதும். இரவில் ஊறப்போட்டால் கேஸ் செலவும் குறையும். கௌபி நம் அம்பாறை மாவட்டத்தில் விளைவது. பருப்போ கப்பலில் வருகிறது.

3. பிட்டுக்கும் ரொட்டிக்கும் மா குழைக்கும்போது வறுத்த பயற்றம்மாவோ கடலை மாவோ கொஞ்சம் கலந்து பாருங்கள். நாலில் ஒரு பங்கு என்றால் பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது.

4. இடைவேளைக்கு கிறீம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த கச்சான் அல்லது கடலை. கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்கு வேண்டாம்.

5. மீன் வாங்க முடியாத நாளில் நெத்தலிக் கருவாடு. 10 கிராமில் 6 கிராம் அளவு புரதம். கீரையிலோ கத்தரிக்காயிலோ ஒரு பிடி போடுங்கள். உப்புப் போக நன்றாகக் கழுவ வேண்டும்.

6. சோயாமீட் பற்றி ஊரில் இரண்டு பயம். ஒன்று, ஆண்களுக்கு ஆகாது என்பது. சாப்பாட்டில் சேரும் சோயாவால் ஆண்களின் ஹோர்மோன் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மற்றது ஹலால் பற்றியது. அது நியாயமான கேள்வி. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், அல்லது சுவையூட்டி சேர்க்காத வெறும் சோயாவை எடுத்து நம் மசாலாவில் ஆக்குங்கள்.

7. நோன்புக் கஞ்சியில் ஒரு சுண்டு பயறு கூடப் போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பயறும் கௌபியும் வாயு என்பார்கள். ஊறவைத்த தண்ணியை ஊற்றிவிட்டு, இஞ்சியும் உள்ளியும் சீரகமும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால் வயிறு பழகிவிடும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

இவ்வளவும் சமையல் விஷயம். இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும்.

வீட்டில் இரண்டு முட்டை இருந்தால் யாருக்குப் போகிறது? ஒன்று வாப்பாவுக்கு. மற்றது ஆண் பிள்ளைக்கு. மீன் வாங்கிய நாளில் நடுத்துண்டு யாருக்கு? உம்மா கடைசியாக உட்கார்ந்து சட்டியை வழித்து, ஆணத்தோடு சோறு தின்றுவிட்டு "எனக்கு இது போதும்" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையும் அதைப் பார்த்துப் படிக்கிறது. நாளைக்கு அவளும் அப்படித்தான் சொல்வாள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும் என்று நம் மூத்தம்மாமாருக்குத் தெரிந்திருந்தது. நாமும் அந்தச் சில நாட்கள் கொடுக்கிறோம். அதற்குப் பிறகு வரும் வருடங்களில்? மாதாமாதம் இரத்தம் இழக்கிறவள், நாளை ஒரு பிள்ளையைச் சுமக்கப் போகிறவள் தட்டில் கடைசிப் பங்கு. இது மார்க்கமும் இல்லை, மரியாதையும் இல்லை. வெறும் பழக்கம்.

கிளினிக்கில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் திரிபோஷாவும் இப்படித்தான். சோளமும் சோயாவும் சேர்த்து, நான் மேலே சொன்ன அதே சோடிக் கணக்கில், தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் நினைத்துச் செய்த சாப்பாடு அது. வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பகிர்ந்துவிட்டால் அந்தத் தாய்க்கு என்ன மிச்சம்? யார் பெயரில் வந்ததோ அவர் வயிற்றுக்குப் போகட்டும்.

வெட்கம் பற்றியும் ஒரு வார்த்தை. அவித்த கடலை கொண்டுவரும் பிள்ளை பெட்டியின் மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறது. பக்கத்துப் பிள்ளை கடை ரோல்ஸைக் காட்டிக் காட்டிச் சாப்பிடுகிறது. எது சத்து, எது மா என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? நாங்கள் வகுப்பில் சொல்கிறோம். ஆனால் கடன்பட்டாவது வலீமாவுக்கு மாடு அறுக்க வேண்டும், சஹனில் இறைச்சி குறைந்தால் ஊர் பேசும் என்று பெரியவர்கள் நடந்துகொண்டால், பிள்ளைகள் எங்கள் பேச்சைவிட அதைத்தான் படிப்பார்கள். ஒரு நாள் சஹனில் மிஞ்சிப்போகும் இறைச்சி, மற்ற நாட்களில் ஒரு வீட்டின் பயறும் முட்டையுமாக இருந்திருக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் பெற்றார் சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். ரமழானில் கொடுக்கும் உலருணவுப் பொதியில் அரிசி, சீனி, மா மட்டும் போடாமல் 2 கிலோ பயறும் கௌபியும் சேருங்கள். அதற்காகச் சீனியைக் குறைத்தாலும் பரவாயில்லை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் அவித்த கடலையும் கௌபியும் தினமும் இருக்கட்டும், பிள்ளைகள் முதல் வாரம் வாங்காவிட்டாலும் இரண்டாம் வாரமும் இருக்கட்டும்.

இன்றைக்கு இரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. படுக்கப் போகுமுன் ஒரு சுண்டு பயறைக் கழுவி ஊறப்போடுங்கள். காலையில் அவித்து, முதல் தட்டை உம்மாவுக்கும் பெண் பிள்ளைக்கும் வையுங்கள். வாப்பாமாரே, அந்தத் தட்டை நீங்களே எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

உங்கள் வீட்டில் பயறு, கௌபி, கடலை வைத்துச் செய்யும் சாப்பாடு ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். மற்ற உம்மாமாருக்கும் உதவும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், நம் ரிஸ்கில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.