ஜாவா யாருக்கு?

‘ஜாவா’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்பதை வைத்தே உங்கள் வயசைச் சொல்லிவிடலாம். அறுபதைத் தாண்டியவர் என்றால், மைசூரிலிருந்து வந்த மோட்டார் பைக். முப்பது, நாற்பது என்றால் கம்ப்யூட்டர் மொழி. இந்தோனேசியாவில் ஒரு தீவு என்று பதில் வந்தால், அவர் ஜியாகரபி வாத்தியாராக இருக்க வேண்டும்.

இதில் எதை ‘ஜாவா’ என்ற தலைப்பில் வைப்பது என்பது கலைக்களஞ்சியக்காரர்களுக்குத் தலைவலி. பெரியசாமி தூரன் 1954-லிருந்து தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்த காலத்தில் இது பெரிய விஷயமில்லை. அச்சுப் புத்தகத்தில் ஒரே பெயர்க்காரர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒன்றைத் தேடிப் போகிற கண், பக்கத்தில் இருப்பதையும் பார்த்துவிடும். விக்கிபீடியாவில் அப்படியில்லை. சொல்லைத் தட்டினால் ஒரு பக்கம்தான் திறக்கும். நாற்காலி ஒன்றே ஒன்று. மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுக்கொண்டு வராந்தாவில் நிற்க வேண்டியதுதான்.

ஆங்கில விக்கிபீடியா அந்த நாற்காலியைத் தீவுக்குக் கொடுத்திருக்கிறது. சாஃப்ட்வேர் தம்பிகள் இதற்கு முகம் சுளிக்கலாம். “என்ன சார் இது? ஜனங்க எதைத் தேடுறாங்களோ அதை முதல்ல கொடுக்கறதுதானே நியாயம்? இட்லி கேட்டவனுக்கு இட்லி!”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கேட்பது எந்த ஜனங்கள்? ஜாவா தீவில் சுமார் 15 கோடிப் பேர் வசிக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு தமிழ்நாடு. அங்கே வயலில் நாற்று நடுகிற அம்மாள், தன் ஊர் எங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் தட்டிப் பார்க்கப்போவதில்லை. க்ளிக்குகளை எண்ணினால் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் கிடைக்கும். அந்த ஓட்டுப்பெட்டியில் அந்த அம்மாளுக்கு ஓட்டே கிடையாது.

அதோடு, அந்த மொழிக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனிக்காரர்கள் முதலில் வைத்த பெயர் ஓக். வேறொரு கம்பெனி அந்தப் பெயரை ஏற்கெனவே வைத்திருந்ததால், 1995-ல் ‘ஜாவா’ என்று மாற்றினார்கள். அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஜாவா என்றால் காபி. காபிக்கு அந்தப் பெயர் வந்தது, டச்சுக்காரர்கள் அந்தத் தீவில் காபி பயிரிட்டு ஏற்றுமதி செய்ததால். மொழியின் சின்னமே ஆவி பறக்கும் காபிக் கோப்பைதான். தாத்தா பெயரை வைத்துக்கொண்ட பேரன், தாத்தாவைத் திண்ணைக்குப் போகச் சொல்வது என்ன நியாயம்? அந்தத் தாத்தாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசான போரோபுதூர் ஸ்தூபம் அங்கே நிற்கிறது. மணிமேகலை சொல்லும் ‘சாவகம்’ அதுதான் என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

“அப்போ பழசுக்குத்தான் நாற்காலியா?” அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த், ஸ்காட்லாந்தின் பெர்த்திடமிருந்து பெயரைக் கடன் வாங்கியது. ஆனால், ஸ்காட்லாந்து ஊரில் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. ஆஸ்திரேலிய நகரத்தில் இருபது லட்சத்துக்கும் மேல். பேரன் வளர்ந்து ஆளாகிவிட்டான், நாற்காலி அவனுக்கு. சரிதான். ஜார்ஜியா விஷயத்தில் ஒரு பக்கம் தனி நாடு, இன்னொரு பக்கம் ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள அமெரிக்க மாநிலம். விக்கிபீடியா நாற்காலியை இருவருக்கும் தராமல், ‘எந்த ஜார்ஜியா?’ என்று பட்டியல் போட்டுக் கேட்கிறது. இதுவும் சரி.

ஆக, பார்க்க வேண்டியது எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதை மட்டுமல்ல. அந்தப் பெயரில் எத்தனை வாழ்க்கை இருக்கிறது, ஐம்பது வருஷம் கழித்தும் எது நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். விக்கிபீடியாவின் விதியிலேயே இரண்டும் இருக்கின்றன: பயன்பாடு, நீண்டகால முக்கியத்துவம். சண்டை வரும்போது முதலாவது மட்டும் சத்தம் போடும். அதற்கு நம்பர் இருக்கிறது. இரண்டாவதற்கு யாராவது வாதாட வேண்டும்.

யாரும் வாதாடாவிட்டால் என்ன, தலைப்புதானே என்று விட்டுவிட முடியாது. ‘.அமேசான்’ என்ற இணைய முகவரியை 2012-ல் அந்த ஆன்லைன் கடை கேட்டது. ஆற்றைச் சொந்தம் கொண்டாடும் பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. 2019-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பு, கடைக்கே சாதகமாக முடிவெடுத்தது. இரண்டு நாடுகளே வாதாடியும் ஆறு தோற்றது. நாற்று நடுகிற அம்மாளுக்காக யார் போய் நிற்பார்கள்?

இன்றைக்குப் பிள்ளைகள் செல்போனிடம் கேட்கிறார்கள். அது பட்டியலெல்லாம் போடாமல் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போகலாம். அங்கே முதல் அர்த்தம்தான் முழு அர்த்தம். அதனால்தான் களஞ்சியமாவது பிடிவாதமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

தீவைத் தாண்டி மொழிக்குப் போக சாஃப்ட்வேர் தம்பிக்கு ஒரு க்ளிக் அதிகம். அந்த ஒரு செகண்டில், தான் சோறு தின்கிற மொழிக்குப் பெயர் கொடுத்த ஊர் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால், நஷ்டம் ஒன்றுமில்லை.

பைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் ‘ஜாவா’, ஜானெசெக் என்ற செக் முதலாளி, வாண்டரர் என்ற கம்பெனி இரண்டின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. தீவுக்குத் தூரத்து உறவுகூடக் கிடையாது. கொஞ்சம் வராந்தாவில் இருங்கள்.