நகரமைப்புக் கல்வி யாருக்காக?

இந்தியாவின் 7,933 நகர்ப்புறப் பகுதிகளில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டமே இல்லை. மாநிலங்களின் நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரமைப்பு வல்லுநர்கள் தேவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களோ 4 ஆயிரத்துக்கும் குறைவு. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலி. 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே தரும் கணக்கு இது.

நோயைச் சரியாகச் சொன்ன அறிக்கை, மருந்தை வேறு கடையில் வாங்கச் சொல்கிறது. காலியிடங்களை விரைந்து நிரப்ப வேண்டும், மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை நகரமைப்புப் படிப்பைப் படிப்படியாகத் தொடங்க வேண்டும் என்கிறது, இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் கூடுதலாகத் தேவைப்படும் 8,268 பணியிடங்களை மூன்று முதல் ஐந்தாண்டு வரையிலான தற்காலிகப் பக்கவாட்டு நுழைவுப் பணிகளாக உருவாக்கலாம் என்றும், தனியார் ஆலோசனை நிறுவனங்களின் பங்கை வலுப்படுத்த வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது.

ஒரு முழுமைத் திட்டத்தின் ஆயுள் பொதுவாக இருபது ஆண்டு. அதை வரைபவரின் பணிக்காலம் மூன்றாண்டு என்றால், ஏரியை மனையாக்கத் துடிக்கும் நில வணிகத்தை எதிர்த்து அவரால் எழுத்துபூர்வமாக ஒரு குறிப்பேனும் வைக்க முடியுமா? நிரந்தர அரசுப் பணி சுருங்கும்போது, பொதுப்பணத்தில் பயின்ற பட்டதாரிக்கு ஆலோசனை நிறுவனமே புகலிடமாகிறது. நகரத்தின் எதிர்காலத்தை வரையும் அறிவு, ஒப்பந்தப் புள்ளியில் விலைக்கு வரும் சரக்காகிறது. 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம், 100 நகரங்களில் தனிச் சிறப்பு நிறுவனங்களை அமைத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றங்களை ஓரங்கட்டிய வழியும் இதுவே.

இந்தக் கல்வியின் தொடக்கம் வேறாக இருந்தது. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் பேராசிரியரான பேட்ரிக் கெடெஸ், வரைபடத்தைத் தொடும் முன் ஊரைத் தெருத்தெருவாக நடந்து பார்க்க வேண்டும் என்றார். சாலையை அகலப்படுத்துவதாகச் சொல்லி குடியிருப்புகளை மொத்தமாக இடித்தால், ஏழைகள் வேறிடத்தில் மேலும் நெரிசலாகக் குவிவார்கள் என எச்சரித்தார். காலனியாட்சிக் காலத்திலேயே சொல்லப்பட்ட இப்பாடத்தை, சுதந்திர இந்தியாவின் புல்டோசர்கள் நாள்தோறும் மீறுகின்றன.

1992இன் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகரத் திட்டமிடலைப் பன்னிரண்டாவது அட்டவணையின் முதல் இனமாக வைத்தது. அது நகராட்சிகளின் பொறுப்பாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1996இல் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் பிற துறை வல்லுநர்களும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களாகத் திரண்டு உள்ளாட்சிகளுக்குத் துணை நின்றனர். வல்லுநர் அறிவு மக்கள் மன்றத்துக்குப் பணியாற்ற முடியும் என்பதற்கு அது சான்று.

பல்கலைக்கழகங்களும் அவ்வழியில் செல்ல இயலும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுக்களில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு உரியது. அந்தப் பிரதிநிதிகளுடன் அமர்ந்து விற்பனைத் திட்டம் வரைவது மாணவரின் களப்பயிற்சியாகட்டும். குடிசைப் பகுதியில் வளர்ந்த மாணவர் அங்கே கற்பவர் மட்டுமல்லர், கற்பிப்பவரும் ஆவார். ஆனால் அவர் அந்த வகுப்பறைக்குள் நுழைய வேண்டுமானால், பொதுப் பல்கலைக்கழகங்களில் குறைந்த கட்டணமும் முழுமையான இடஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் உறுதியாக வேண்டும்.

ஆகவே, காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்பு, நகரமைப்புக் கல்வித் தகுதியைக் கட்டாயமாக்கு, திட்டமிடும் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கு வழங்கு என்னும் கோரிக்கைகளை மாணவர் இயக்கமும் நகர்ப்புறத் தொழிற்சங்கங்களும் இணைந்து எழுப்ப வேண்டும். நகரைக் கட்டி எழுப்பும் உழைப்பாளிக்கு அதன் வரைபடத்திலும் இடம் வேண்டும்.